தலைவருக்கு ஒரு கதிரை

படிவத்தில் ‘சங்கத் தலைவர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் காலிதீனின் பேனா நின்றுவிட்டது.

சுனாமியன்று கடல் வந்து அவனுடைய தறியைக் கொண்டுபோய் ஒன்றரை வருடம். புதுத் தறி கொடுக்க ஒரு நிறுவனம் மருதமுனைக்கு வந்திருந்தது. தனியாளுக்குத் தரமாட்டார்களாம். நெசவாளர் ஐந்து பேர் சங்கமாகச் சேர வேண்டும், கைதேர்ந்த ஒரு தலைவர் வேண்டும், அவர் நெய்த துணி ஒன்றும் காட்ட வேண்டும். நாலு பேரை எப்படியோ பிடித்துவிட்டான். ஆனால், மற்றவன் தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று ஐந்து பேரில் ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. நெசவுக்காரர் அப்படித்தான்.

ஐவரும் சண்டை பிடிக்காமல் மெச்சியது ஒன்றே ஒன்று, காலிதீன் இடுப்பில் உடுத்திருந்த சாறன். கலியாணத்துக்குப் பெண் வீட்டில் தந்தது. கடல் மிச்சம் வைத்ததும் அதைத்தான். எங்கே எடுத்தது என்று கேட்க மாமனாரும் இப்போது இல்லை. அவரும் கடல் வந்த அன்றைக்குத்தான் போனார்.

"இத நெய்த மனிசன்தான் நம்மட தலைவர்," என்றான் காலிதீன். "ஆள் மட்டும் கிடைக்கட்டும். முன்னுக்குக் கதிர போட்டு இருத்தி, என்ட கையால தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன்."

"சீனி போட்டா?" என்று கேட்டாள் மனைவி ஸுல்பிகா, ஐந்து கோப்பைகளையும் வைத்தபடி.

"உனக்கெதுக்குப் புள்ள அதெல்லாம்? இது நெசவுக் கதை."

பொம்புளை நெய்த துணி இடுப்பில் நிற்காது என்று, கலியாணமான மூன்றாம் நாளே அவளுக்கு விளக்கிச் சொன்ன மகான் அவன்.

ஆள் கிடைக்கவில்லை. கட்டத்தில் ‘கச்சிமுகம்மது’ என்று வாயில் வந்த ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டான்.

நிறுவனத்திலிருந்து கிருசிகா மிஸ் வந்தார். தலைவர் நெய்ததென்று மடித்து வைத்திருந்த சாறனைத் தடவிப் பார்த்து அசந்துபோனார்.

"தலைவரப் பாக்கலாமா காக்கா?"

"ஒலுவிலுக்குப் போயிட்டார் மிஸ்."

அடுத்த கிழமையும் வந்தார்.

"காய்ச்சல் மிஸ்."

"ஐயோ பாவம்! நானே போய்ப் பாத்திட்டு வாறன். வீடு எது?"

"சுகமாயிட்டு மிஸ்! நாளைக்கே வருவார்!"

வேறு வழி? ஒலுவில் கரையில் தோணி வைத்திருந்த மசூரைக் கூட்டி வந்து, வெள்ளைத் தொப்பி போட்டு, முன்கதிரையில் இருத்தினான்.

"வாயத் திறக்காத. என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு."

மிஸ் வந்ததும் பையிலிருந்து அறுந்த நூல் இழையொன்றை எடுத்து நீட்டினார். "இத ஒருக்கா முடிஞ்சு காட்டுங்க."

மசூர் முடிச்சுப் போட்டான். புயலடித்தாலும் அவிழாது.

"இது தோணி கட்டுற முடிச்சுத்தானே? எங்கட அப்பாவும் தோணிக்காரர்."

மசூர் தலையை ஆட்டினான்.

மிஸ் படிவத்தை மடித்தார். "பொய்ச் சங்கத்துக்குத் தறி இல்ல காக்கா."

காலிதீன் படிவத்தை எட்டிப் பிடித்தான். "தறி இல்லாட்டி நான் என்ன மிஸ் செய்ற? எனக்கு வேற ஒரு தொழிலும் தெரியாதே."

"அப்ப இந்தச் சாறன நெய்தது ஆர்?"

"அல்லாஹ்வுக்குத்தான் மிஸ் தெரியும்."

தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்ற ஸுல்பிகா வாய் திறந்தாள். "கரைக்குப் போட்ட நீல நூல் இடையில தீந்திட்டு மிஸ். கடைசி நாலு விரல் அளவுக்குப் பச்சை போட்டிரிக்கி. பிரிச்சுப் பாருங்க."

மிஸ் பிரித்தார். நாலு விரல் பச்சை இருந்தது. எட்டு வருடம் உடுத்திய காலிதீன் அதை அன்றைக்குத்தான் கண்டான்.

யாரும் சொல்லாமலே மசூர் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். ஸுல்பிகா தட்டைக் காலிதீனின் கையில் கொடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்கதிரையில் போய் அமர்ந்தாள்.

"எனக்குச் சீனி ரெண்டு கரண்டி, மச்சான்."