பத்தாவது பலாச்சுளை

என் வாழ்நாளிலேயே நான் பிரமாதமாகப் பேசியது ஒரே ஒரு தடவைதான். பன்னிரண்டு நிமிடம், ஓர் இடத்தில்கூடத் திக்காமல், துண்டுச்சீட்டு இல்லாமல். அந்தப் பேச்சை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் கேட்டார். பேசி முடித்த கையோடு அவரையும் திட்டிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேர்ந்திருந்த சமயம் அது. எங்கள் ஊர் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே. கொரோனா ஒருவழியாக அடங்கியிருந்ததால் கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நேரடி வகுப்பு, ஆன்லைன் வகுப்பு என்று இரண்டு கட்டங்கள். எது வேண்டுமோ அதில் டிக் அடிக்கலாம். பிடிக்காவிட்டால் நடுவில் மாற்றிக்கொள்ளலாம்.

நான் ஆன்லைனில் டிக் அடித்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன்.

"உலகமே ஆன்லைனுக்குப் போய்க்கினு இருக்குதுப்பா. வெளிநாட்டுலலாம் வூட்ல குந்திகினே பட்டம் வாங்கறான்."

அப்பா நாலாங்கிளாஸ். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"வாத்தியாரு மூஞ்சிய பாக்காம படிப்பு ஏறுமாடா?"

"போன்ல மூஞ்சி தெரியும்ப்பா."

"அவங்க மூஞ்சி உனக்குத் தெரிஞ்சா போதுமா? நீ புரியாம முழிக்கறது அவங்களுக்குத் தெரிய வாணாமா?"

"இப்பலாம் யாரும் முழிக்கறதில்லப்பா" என்றேன். (எனக்குப் பதினெட்டு வயது. அந்த வயதில் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.)

உண்மையான காரணம் உலகமும் இல்லை, வெளிநாடும் இல்லை. வாந்தி. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் மூன்றாவது வளைவுக்குள் என் குடல் தொண்டைக்கு வந்துவிடும். பெயர் ஏழுமலை, ஒரு மலையைக்கூட முழுசாக இறங்கத் துப்பில்லை. அட்மிஷனுக்குப் போன அன்று மூன்று முறை. கடைசி முறை ஜன்னலைத் திறப்பதற்குள் சட்டையிலேயே. கவுண்டரில் இருந்த கிளார்க் என் விண்ணப்பத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து வாங்கிக்கொண்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், எனக்கும் அவளுக்கும் நடுவில் இன்னும் நாலு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். தினமும் இப்படிப் போய் இறங்குவதற்குப் படிக்காமலே இருந்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

ஆனால் ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் வேண்டும். எங்கள் வீட்டில் அது கிடையாது. கிழங்குக் கொல்லைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில், வடக்கு பார்த்து உட்கார்ந்தால் மட்டும் இரண்டு கோடு வரும். காலையில் அங்கே வெயில் நேராக போன் மேல் விழும். பத்தே நிமிடத்தில் போன் சூடாகி அணைந்துபோகும்.

"குடை புடிச்சா நிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

அன்றிலிருந்து அவர் குடை பிடித்தார். பதினொரு மணிக்கு மேல் வேலைக்கு வருவதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, தினமும் என்னோடு பாறை ஏறினார். குடை போனுக்குத்தான். அவர் தலையும் என் தலையும் வெயிலில்தான் இருக்கும். மழை வந்தாலும் அதே ஏற்பாடு. இரண்டு பேரும் நனைவோம், போன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி குடைக்குள் இருக்கும்.

இயர்போன் ஒரு பக்கம் வேலை செய்யாது. அதனால் ஸ்பீக்கரில்தான் வைப்பேன். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இறங்கி வரும்போது சில நாள், பாடம் நடத்திய மேடத்தைப் பற்றி, "அந்தம்மாக்கு இன்னிக்கி தொண்ட கட்டிக்கினு இருந்துச்சி, பாவம்" என்பார். நான் பாட்டுக்கு முன்னால் இறங்கிப் போவேன்.

இரண்டாம் மாதம் செமினார் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேச வேண்டும். பேசாதவர்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது, மார்க் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று பொருளியல் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வந்தது 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'. ஒரே பொருளை மேலும் மேலும் அனுபவிக்கும்போது அதனால் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும். இவ்வளவுதான் விதி. இதை ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன்.

பேசும்போது யாராவது சிரித்தால் எல்லாம் மறந்துவிடும் என்று பயம். அதற்கு ஓர் அபாரமான யோசனை செய்தேன். போனில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். முகங்களைப் பார்த்தாலும் உளறுவேன் என்று, எதிரே தெரிந்த மலையைப் பார்த்தபடி ஆரம்பித்தேன்.

என்ன ஒரு பேச்சு அது! வரையறை, அட்டவணை, எடுகோள்கள், விதிவிலக்குகள் எல்லாம் அருவி மாதிரி கொட்டின. புத்தகத்தில் இருந்த ஆப்பிள் உதாரணத்தைச் சொல்லும்போது கையைக்கூட ஆட்டினேன்.

நடுவில் அப்பா மெதுவாகக் கூப்பிட்டார்.

"டேய்... அந்தம்மா கைய கைய ஆட்றாங்கடா."

நான் மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. "ஏழும்ல, எல்லாருமே ஆட்றாங்கடா. வாயத் தொட்டுத் தொட்டுக் காட்டறாங்க."

முடிவுரைக்கு வந்திருந்தேன். முடித்துவிட்டு, பெரிய புத்திசாலியாக, மைக்கை அணைப்பதற்காக அந்தப் பொத்தானை அமுக்கினேன். அப்பாவைத் திட்டுவது வகுப்புக்குக் கேட்கக் கூடாது அல்லவா? அமுக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"சும்மா நிக்க மாட்டியா நீ? நாலாங்கிளாஸ் படிச்சவனுக்கு இதுல இன்னா தெரியும்? குடைய புடிக்கறதோட உன் வேல முடிஞ்சிது!"

அப்பா குடையை மட்டும் கொஞ்சம் நேராகப் பிடித்தார்.

திரும்பி போனைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் நாற்பது முகங்கள். பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் தலையைக் குனிந்திருந்தார்கள். ஏதோ சரியில்லை என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"ஏழுமலை, இப்பத்தான்ப்பா உன் குரலே கேக்குது" என்றார் மேடம்.

ஆரம்பத்திலிருந்தே மைக் அணைந்துதான் இருந்திருக்கிறது. பன்னிரண்டு நிமிட அருவியில் ஒரு சொட்டு கள்ளக்குறிச்சி போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது நான் அப்பாவைத் திட்டியது மட்டும்தான்.

பாறையிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன். (அவ்வளவு உயரமான பாறை இல்லை. முட்டிதான் பெயரும்.)

"குடை பிடிச்சிட்டிருக்கறது யாரு?" என்று மேடம் கேட்டார்.

அப்பாதான் குனிந்து, போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார். "அவன் அப்பனுங்கம்மா. புள்ள நல்லாத்தாங்க பேசனான். நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். மார்க்கு கொறச்சிடாதீங்க."

"எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலியேங்க. அவன் என்ன சொன்னான்னு நீங்க சொல்றீங்களா?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆப்பிள் பழத்த வெச்சி சொன்னானுங்க. நான் ஆப்பிள் அவ்ளோவா தின்னதில்லீங்க, அதனால பலாச்சுளைல சொல்றேன். பசில வந்து குந்தறோம், மொத சுள வாயில போட்டா தேனு. ரெண்டாவதும் நல்லாத்தான் இருக்கும். அஞ்சாவதுக்கு வாயி சும்மா மெல்லும், அவ்ளோதான். பத்தாவது சுளைய ஒருத்தன் நீட்டனான்னா, அவன பாத்தாவே ஆவாது. சுள அதேதாங்க. நம்ம ஆசதான் கம்மியாய்க்கினே போவுது. அதத்தாங்க அவன் பெரிய பெரிய வார்த்தைல சொன்னான்."

பிறகு ஒவ்வொரு கட்டமாக மைக் திறந்து கைதட்டல் கேட்டது. அப்பா பயந்துபோய் ஓர் அடி பின்னால் போனார். இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் குடை போனை விட்டு விலகியது.

"உங்க பையன் நேர்ல வந்து பேசட்டுங்க, மார்க் போடறேன்" என்றார் மேடம்.

இறங்கி வரும்போது மன்னிப்புக் கேட்க நாலு முறை வாயைத் திறந்தேன். பன்னிரண்டு நிமிடம் அருவியாகக் கொட்டிய வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாதான் பேசினார்.

"நாளைக்கி பஸ்ல போறியா?"

"போறன்ப்பா. இனிமே தினம் போறேன்."

"முன்னாடி சீட்ல குந்து. பொரட்டாதாம்."

அப்போதுதான் தெரிந்தது, நான் ஏன் ஆன்லைனில் டிக் அடித்தேன் என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

மறுநாள் முன்சீட்டில் உட்கார்ந்தும் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வெளுத்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைந்ததும் (கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது), "டேய், பலாச்சுள வந்துட்டான்டா!" என்று ஒரே கூச்சல். மூன்று வருடமும் அதுதான் என் பெயர். செமினாரை நேரில் திக்கித் திணறிப் பேசி முடித்தேன். நடுவில் நான் முழித்ததைப் பார்த்து மேடம் நிறுத்தி, அந்த இடத்தை எனக்கு மறுபடி நடத்தினார். பஸ் வாந்தி நிற்க மூன்று மாதம் ஆனது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நேரடி வகுப்புக்குப் போனதும் அப்பாவின் படிப்பு நின்றுபோயிற்று. முதல் வாரம் ஒன்றும் கேட்காமல் இருந்தார். இரண்டாவது வாரம் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, வேலை முடித்த கையோடு ஸ்டாப்பிங்கில் நின்றிருந்தார். "சும்மாதான் வந்தன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்ததும், "இன்னிக்கி இன்னா நடத்துனாங்க?" என்றார். அதன் பிறகு வீடு போய்ச் சேரும்வரை தினமும் எனக்கு இரண்டாவது வகுப்பு நடந்தது. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிச் சொல்லித்தான் எனக்கே பாடம் புரிந்தது.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பொருளியல் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் சாப்பாடு போதும் என்று யாரும் சொல்வதில்லை. "பத்தாவது சுள" என்பார்கள், கரண்டி நின்றுவிடும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதற்கு அர்த்தம் கேட்டாள். அப்பா உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார். நான் மலையைப் பார்த்துக் கையை ஆட்டியது, மேடம் வாயைத் தொட்டுக் காட்டியது, கைதட்டலுக்குத் தான் பயந்தது, நான் திட்டியதைத் தவிர ஒன்றையும் விடவில்லை. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"மைக்தான் அணைஞ்சிருந்துச்சே மாமா. அப்புறம் எப்படி ஆன் ஆச்சு?"

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அதுவாம்மா?" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல். "அது தானா ஆன் ஆயிட்ச்சி."