பள்ளத்தில் சம்மணமிட்ட புரொபசர்

வடசென்னையிலேயே பூமிக்கு மேலே இருக்கும் எதையும் மதிக்காத ஒரே மனிதர், எங்கள் திருவொற்றியூர்த் தெருவின் காயலாங்கடை புரொபசர்தான். மாடி வீடு, புதுக் கார், மந்திரி பதவி, எல்லாம் அவருக்குத் துச்சம். மண்ணுக்கு அடியில் கிடந்தால்தான் மரியாதை.

கல்லூரியில் தொல்லியல் நடத்துகிறவருக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர்? இளவயதில் அவர் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் காயலாங்கடை வைத்திருந்த பழைய இரும்பு வியாபாரி. ஒருமுறை வாங்கிய சரக்கில் எழுத்து வெட்டிய செப்புத் தகடு ஒன்று இருந்தது. "ஏதோ கம்பெனி பேருன்னு நெனச்சு உலைக்கு அனுப்பிட்டேன்பா" என்பார். பிற்பாடு மியூசியத்தில் அதே மாதிரி செப்பேட்டைக் கண்ணாடிக்குள் பார்த்தவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டார்.

வியாபாரப் புத்தி மட்டும் போகவே இல்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால் முதலில் வாளியைத் தட்டிப் பார்ப்பார். சட்டைப்பையில் பேனா இருக்காது, காந்தம் இருக்கும். என் மாமனார் சீராகத் தந்த பித்தளைக் குத்துவிளக்கில் அதை ஒட்டவைத்து, "இன்னா நைனா, உள்ள இரும்பு கீது!" என்று என் மனைவி காதுபடச் சொன்ன மகானுபாவர். அன்று ராத்திரி எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

போன வருஷம் மழைநீர்க் கால்வாய்க்காக என் வாசலைத் தோண்டிப் போட்டார்கள். ஸ்கூட்டரை வெளியே எடுக்க வழியில்லாமல் நான் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக, அன்று சாயங்காலம் கான்கிரீட் லாரி வரும் என்றார்கள். காலையிலேயே பள்ளத்தில் ஒரு பெரிய பானையின் வாய் தெரிந்தது. எட்டிப் பார்த்த புரொபசர், "ஐயோ, முதுமக்கள் தாழிடா!" என்று கத்திக்கொண்டே செருப்போடு குதித்து, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டுவிட்டார். தொல்லியல் அதிகாரிகளுக்குப் போன் போட்டார். வருகிறோம் என்றார்கள், வரவில்லை.

காண்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஜேசிபி டிரைவரை விரட்டினார். டிரைவரோ வண்டியை அணைத்துவிட்டார்.

"நான் சாத்தாங்காட்டுல லோடு ஏத்துனவன் சார். சரக்குகிட்ட ஆளு குந்திகினு இருந்தா எவனும் கை வைக்க மாட்டான். அவரு எந்திரிக்கட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அது அங்கே எழுதாத சட்டம். புரொபசர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

ஆனால் அவர் சர்க்கரை வியாதிக்காரர். சாயங்காலம் முகமெல்லாம் கோண, என்னைக் கூப்பிட்டார். "நைனா, அவசரமா ஒண்ணுக்குப் போவணும். எந்திரிச்சா சரக்கு போச்சு. ஒண்ண உருக்கித் தொலைச்சிட்டேன். இதையும் உடச் சொல்றியா?" கண் கலங்கியிருந்தது.

தெருமுனையில் லாரி திரும்பியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தேன். அவர் வீட்டைப் பார்த்து ஓடினார்.

"சார், உங்க வாசலுக்குத்தானே சார் போடறோம்! எந்திரிங்க!" என்று அலறினார் காண்ட்ராக்டர்.

"புரொபசர் வரட்டும்" என்றேன்.

அதிகாரிகள் வந்து சேரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சேற்றில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். தாழி பத்திரமாக மேலே போனது. என் வாசல் மூட இன்னும் ஒரு மாதம் ஆனது. போகட்டும், அந்த மனுஷனுக்காக இன்னொரு தரம் தோண்டினாலும் சரிதான்.