இலையண்ணன் சொன்ன மருந்து

கால் வீங்கி நான் வேலைக்குப் போகாத மூன்று நாளும் நான் கூட்டிப் பெருக்கும் ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரத்தை யாரோ கழுவி வைத்திருந்தார்கள். யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. வாட்ச்மேன் சீருடையில் மட்டும் பினாயில் வாடை.

அந்த நல்ல மனுஷரைத்தான் இப்போது கேலி செய்யப் போகிறேன். கடவுள் மன்னிக்கட்டும். இலை சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருப்பார்கள். நீங்கள் தும்மி முடிப்பதற்குள் ஓர் இலையின் பெயர் வந்து விழும்.

எங்கள் வாட்ச்மேன் இலையண்ணன் ஆனது எப்படி? மலேரியாக் கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதற்காக மூட்டை மூட்டையாக வரும் இலைகளை வாசலில் நோட்டில் பதிந்து, ஒரு கிள்ளு கிள்ளி மோந்து, "இதுல கிருமி செத்திருக்கு" என்று உள்ளே ஆராய்ச்சி அம்மா சொல்வதைக் கதவோரம் கேட்டு, இப்படியே பன்னிரண்டு வருஷம். படிப்பு அவ்வளவுதான். நான் ஐந்தாம் வகுப்பு. நம்பினேன்.

என் மகளுக்கு மலேரியா. ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு நாள் போட்டதும் காய்ச்சல் இறங்கியது. இலையண்ணன் கசப்பிலை ஒரு கட்டோடு வந்தார்.

"அந்த மாத்திரை சூடுக்கா, நிறுத்திடுங்க. இது நம்ம ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டுலயே கிருமியக் கொன்ன இலை."

சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு அரைத்துக் கொடுத்தேன். நான்காம் நாள் கட்டிலே ஆடும்படி அவளுக்கு நடுக்கம்.

ஆராய்ச்சி அம்மாவிடம் போய் அழுதேன். அவர் திட்டவில்லை. "கண்ணாடித் தட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினாலும்தான் கிருமி சாகும். குடிப்பீங்களா? இலையிலேர்ந்து மருந்து வரலாம், அதுக்கு வருஷக்கணக்காகும். முதல்ல பொண்ணத் தூக்கிட்டு ஓடுங்க" என்றார்.

ஓடினேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் கம்பளி போர்த்தி நடுங்கிக்கொண்டு நின்றது யார்? இலையண்ணனேதான். கையில் மாத்திரைச் சீட்டு. என்னைக் கண்டதும் கூரையைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். தன் இடத்தை எங்களுக்கு விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

கடவுள் புண்ணியத்தில் இரண்டு பேருக்கும் குணமானது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் இருமியபோது நீங்கள் அவருக்கு என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு என்னிடம் வந்தார் இலையண்ணன். "மாத்திரைய எப்பவும் பாதியில நிறுத்தாதீங்கக்கா" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"உங்க கால் வீக்கத்துக்கு மட்டும் ஒரு இலை இருக்குக்கா."