கோழிகள் கைதட்டிய சொற்பொழிவு

எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரியும் பிள்ளையைப் பெற்றவர்கள் பெருமைப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கவலைதான் பட்டார்கள். "இது ஒருத்தருகிட்டயும் பேச மாட்டீங்குதே" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் புலம்புவார்.

அப்பேர்ப்பட்ட நான், எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என்னை 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிட்ட வகுப்பை வாயடைக்க வைக்க வேண்டும் என்ற வெறி. ஆனால் நாலு பேரைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசிப் பழக ஆளுக்கு எங்கே போவது?

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் மகளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? அப்பாவின் செட்டில், அதாவது கோழிக்கொட்டகையில், கூண்டு கூண்டாக முட்டைக்கோழிகள், எழுந்துபோக வழியில்லாமல். இப்படியொரு சபை எந்தத் தலைவருக்கு வாய்க்கும்?

மதியம் ஆளில்லாத நேரம் பார்த்து, புத்தகமும் கையுமாக உள்ளே போய், அக்காவின் சிவப்புத் தாவணியைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டேன். "அவையோர்க்கு வணக்கம்" என்றதும் அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. என்னை அதுவரை யாரும் அப்படி மதித்துப் பார்த்ததில்லை. பெண்கல்வி என்று கையை உயர்த்தினேன் பாருங்கள், செட்டே படபடவென்று இறக்கையை அடித்தது. கைதட்டுகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலை உயர்த்த உயர்த்தக் கைதட்டலும் உயர்ந்தது. முழுப் பேச்சையும் இன்னொரு தரம் பேசிவிட்டுத்தான் வந்தேன்.

(செட்டு ஆட்கள் தினமும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பது கோழி மிரளாமலிருக்க என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.)

மறுநாள் முட்டை குறைந்துபோனது. வந்ததிலும் பல ஓடில்லாமல் கொழகொழவென்று இருந்தன. சீக்கு என்றால் செட்டே காலி. அப்பாவின் முகம் செத்துவிட்டது. கால்நடை டாக்டர் கூண்டு கூண்டாகப் பார்த்துவிட்டு, "சீக்கெல்லாம் இல்லீங்க, மிரண்டிருக்குது. பாம்பு, நாயி ஏதாச்சும் உள்ள வந்துச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்களே. எம்புள்ள மட்டுந்தான் புஸ்தகத்தோட போச்சுங்க. அது வாயே தொறக்காதுங்க" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சிரிப்பை மறைக்க மருந்துப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. "ஏஞ்சாமி, பேசோணும்னா எங்கிட்டப் பேசியிருக்கலாமல்ல?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலமே எதிரில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டார் (பாதியில் தூங்கியும் போனார்).

போட்டியில் வகுப்பு முழுக்கக் கத்திக் கூச்சல் போட்டது. எனக்கா தெரியாது, கூச்சலுக்கு மேல் பேச? இரண்டாம் பரிசு வாங்கினேன்.

இப்போது சேலத்தில் கல்லூரி ஆசிரியை. வாய் ஓய்வதில்லை. நான் போனில் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தால் போதும், அப்பா நிறுத்திவிடுவார்: "இரு சாமி, செட்டை உட்டு வெளிய வந்துக்கறேன்."