செம்மல் வீட்டு மகிழுணவு இயக்கம்

மனிதன் நெருப்பில் சமைக்கக் கற்ற பிறகு சாப்பாட்டுத் துறையில் நிகழ்ந்த அடுத்த மகத்தான பாய்ச்சல், அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், செம்மல் வீட்டு ஹாலில் நிகழ்ந்தது. வரலாறு அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தெரு குறித்துக்கொண்டது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

செம்மல் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். அவருடைய ஆறு வயது மகள் சுடர்விழிக்குத் தயிர்ச்சோறும் அப்பளமும் தவிர மற்றதெல்லாம் ‘உவ்வே’. வீட்டோடு போயிருக்க வேண்டிய விஷயம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிப் புலம்ப, செம்மல் சும்மா இராமல், ‘எங்கள் வீட்டில் விளையாட்டு முறை. பிள்ளை புடலங்காய் வரை சாப்பிடுகிறாள்’ என்று போட்டுத் தொலைத்தார். பிளெஸ்ஸி டீச்சரிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல வீடியோ போட்டுப் பேசுங்க சார்.’

கையில் நான்கு நாள். மகளோ புடலங்காயைப் பாம்பு என்று நம்பிக்கொண்டிருந்தாள். மானம் போகுமா, நிற்குமா என்பது ஒரு வாய்க் கூட்டில் வந்து நின்றது.

அன்று சாயங்காலமே ‘மகிழுணவு இயக்கம்’ உதயமாயிற்று. பிரிட்ஜ் கதவில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. தலைவர், செம்மல். பயனாளி, சுடர்விழி. மனைவி சிவரஞ்சனிக்கு ‘வழங்கல் பிரிவு’, அதாவது சமைத்துவிட்டு நின்றுகொண்டு பரிமாறுவது.

செவ்வாய்க்கிழமை பீட்ரூட் பஸ் ஓடியது.

“கந்தர்வக்கோட்டை வண்டி கெளம்புது. கதவத் தெறங்க.”

“எங்கிட்ட டிக்கெட் இல்ல” என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள் சுடர்விழி.

புதன்கிழமை கத்தரிக்காய்க்குக் கடுகால் மீசை வைத்தார்.

“இது யாரு சொல்லு?”

“ஒங்க ஆபீசரு.”

“அப்ப ஒரு கடி கடி பாப்போம்.”

“ஆபீசரத் திங்கலாமாப்பா?”

நடத்தை விதிகளில் இதற்குத் தெளிவான வழிகாட்டுதல் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை ‘ஆளுக்கொரு வாய்’ திட்டம்.

“நீங்களே பாகக்காய ஓரத்துல ஒதுக்கிட்டீங்க” என்றாள் மகள்.

“அது ஆய்வுக்கு ஒதுக்குனது.”

வெள்ளிக்கிழமை, கடைசி வாய்ப்பு. புடலங்காய்க் கூட்டு. செம்மல் தோளில் கிடந்த துண்டைப் பாம்பாக நெளியவிட்டு, கரண்டியை மகுடியாக ஊதினார். பிள்ளை அலறிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தலைவர் கை கழுவினார். காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா, வயிற்றுப்போக்கு என்றால் கூடுதல் மரியாதையாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் யாரோ மென்று தின்னும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார். கேஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மிஞ்சிய கூட்டில் சோற்றைப் போட்டுச் சட்டியோடு பிசைந்துகொண்டிருந்தாள் சிவரஞ்சனி. பக்கத்தில் சுடர்விழி வாயைத் திறந்தபடி இருந்தாள்.

“புடலங்காடி இது” என்றாள் தாய்.

“தெரியும். நீ திங்கிறேல்ல. குடு.”

செம்மல் வாசற்படியிலேயே நின்றார். “எத்தன நாளா இது நடக்குது?”

“செவ்வாக்கெழமயிலேர்ந்து. நீங்க கையக் கழுவுனதும் இங்கிட்டு வந்துருவா. பாகக்காயும் தின்னா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எங்க சொல்றது? நீங்க பஸ்ஸு ஓட்டிக்கிட்டுல்ல இருந்தீங்க.”

செம்மல் நெகிழ்ந்துபோனார். போனை எடுத்தார்.

“நீ கொஞ்சம் அங்கிட்டு நகரு. படத்துல விழுகுற.”

சனிக்கிழமை திரையில் சுடர்விழி புடலங்காய் தின்றாள். தலைவர் இருபது நிமிடம் உரையாற்றினார். பஸ், மீசை, மகுடி என ஒவ்வொன்றின் பயனையும் விளக்கினார். பிளெஸ்ஸி டீச்சர் சால்வை போர்த்தினார்.

அழகி என்ற ஒரு தாய் எழுந்தார். “ஊட்டுற கை யாரோடது சார்?”

“என் மிசஸோடது. வழங்கல் பிரிவு.”

“அவங்களுக்கு எந்தக் காய் பிடிக்கும்?”

மகளுக்கு ஆகாத பதினேழு காய்களையும் அகர வரிசையில் ஒப்பிக்கக்கூடிய செம்மல் சற்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தார்.

“அவளுக்கா? அவ அடம்பிடிக்கிற ஆளே இல்லங்க. நாங்க சாப்பிட்டு எது மிஞ்சுதோ, அதத் தின்னுக்குவா.”

கைதட்டல் பலமாக எழுந்தது. தட்டியவர்கள் அத்தனை பேரும் அப்பாக்கள்.