வலது காதுக்கல்

விழுப்புரம் வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் வடதுருவத்தில் சூடு ஏறுகிறதே என்று விழுப்புரத்தில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஐஸ்கடல் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. புதுச்சேரியில் கப்பல் ஏறி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் உலகத்தின் உச்சந்தலையில் இருக்கிற பனிக்கடலில் மீன் பிடிக்கும் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தவர். விற்கிறதற்குப் பிடிக்கிற கப்பல் இல்லை அது. வருஷா வருஷம் அதே இடத்தில் வலை போட்டு, மீன் இருக்கிறதா, குறைந்திருக்கிறதா, என்ன வயசு என்று பார்க்கிறதற்காகவே பிடிக்கிற கப்பல். உலகச் சண்டை வந்ததும் அந்தச் சீமை சர்க்கார் அதைப் பீரங்கி வைக்க எடுத்துக்கொண்டது. அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னோடும் ஒரு தெர்மாமீட்டரோடும் விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்கினார்.

நான் அப்போது ஸ்டேஷனுக்கு எதிரே சோடாக் கடையில் இருந்தேன். வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படிப்பட்டவனுக்கு, எந்த நிமிஷமும் வெடிக்கக் காத்திருக்கிற கோலி சோடா பாட்டில்களோடு பிழைப்பு! ஒவ்வொரு பாட்டிலையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உடைப்பேன்.

அண்ணன் வந்த அன்றைக்கே, நூலில் கட்டிய தெர்மாமீட்டரை என் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்.

“இன்னாண்ணே பண்றீங்க?”

“தொட்டிக்குக் காய்ச்சல் கீதுடா.”

“ஐயோ, பாட்டில் வெடிச்சிடுமாண்ணே?”

“பாட்டில் கெடக்கட்டும். இதுல மீனு இருந்தா அதுங்க கதி இன்னா? அத்தை யோசி.”

என் தொட்டியில் மீன் கிடையாது. ஆனாலும் அன்று பொழுதுக்கும் யோசித்தேன்.

அப்புறம் அவர் தினமும் வந்தார். தொட்டிக்குச் சூடு பார்ப்பார், ஒரு பன்னீர் சோடா குடிப்பார், கடலைப் பற்றிப் பேசுவார்.

“அந்தக் கடலு சூடாய்க்கினு வருதுடா. எங்க கப்பல் துரையோட தாத்தா காலத்துல பிடிச்ச எடத்துல இப்போ மீனு கம்மி. காட் மீனெல்லாம் வடக்கால போய்க்கினே கீது.”

“காட்டு மீனா? கடல்ல ஏதுண்ணே காடு?”

“காட்டு மீன் இல்லடா, காட் மீனு. அது சாதிப் பேரு.”

சோடா குடிக்க வந்த போர்ட்டர் ஒருவன் சும்மா இருக்கவில்லை. “சூடு தாங்கலேன்னா வடக்கால போவட்டுமே. உனக்கின்னாய்யா பேஜாரு?”

“போவும். போய்க்கினே இருந்தா ஒருநா துருவம் வந்துடும். அதுக்கு அப்பால வடக்கே கெடையாதுடா. அப்புறம் எங்க போவும்?”

“திண்டிவனம் வரச் சொல்லு!” என்று சிரித்துவிட்டுப் போர்ட்டர் மூட்டை தூக்கப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் எங்கேதான் போகும்?

மீனுக்குத் தலைக்குள்ளே, காதுக்கு ஒன்றாக, இரண்டு கல் உண்டாம். மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிற மாதிரி அந்தக் கல்லிலும் வருஷத்துக்கு ஒரு வளையம் இருக்குமாம். தண்ணீர் எப்படி இருந்தது, மீன் எப்படி வளர்ந்தது எல்லாம் அதில் தெரியுமாம். அதற்கு அண்ணன் வைத்த பெயர் காதுக்கல். இந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அவருடைய டின்னுக்குள் இருந்தது முழுக்கப் பனிக்கடல் மீன்களின் வலது காதுக்கல். இன்ன வருஷம், இன்ன இடம் என்று சின்னச் சின்னத் துணி முடிச்சுகளாகக் கட்டி வைத்திருந்தார். இடது காதுக்கல்லெல்லாம் கப்பலில் இருந்தது. இறங்கும்போது துரை, “உங்க ஊருல குண்டு விழாது. இதை வெச்சிரு, சண்டை முடிஞ்சதும் கொண்டா” என்று சொல்லி டின்னைக் கையில் கொடுத்தாராம். கொஞ்ச காலத்தில், கப்பல் மூழ்கிவிட்டது என்று புதுச்சேரி மாலுமி ஒருவர் மூலமாகச் சேதி வந்தது. இடது காதெல்லாம் கடலோடு போயிற்று. அந்தக் கடல் முன்னே எப்படி இருந்தது என்று சொல்ல மிச்சம் இருந்தது அந்த டின் ஒன்றுதான். டின் தொலைந்தாலும் போச்சு. முடிச்சுகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று கலந்தாலும் போச்சு. அண்ணன் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கினார், கக்கத்தில் வைத்துக்கொண்டே குளித்தார்.

இதற்கு நடுவில் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று உள்ளூர் மீன்களிடம் வேலையைக் காட்டினார். மிலிட்டரி ஓட்டலில் இலை இலையாகப் போய் நின்று, “தலையை முழுங்கிடாதீங்க, எனக்கு வேணும்” என்பார். சாப்பிடுகிறவன் எப்படிச் சாப்பிடுவான்? முதலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். மார்க்கெட்டில் மீன் விற்கிற ஓர் அம்மாவிடம் போய், “ஜல்தியா அந்தக் காதுக்கல்லை எடுத்துக் குடும்மா” என்று கேட்டார். தன் தோட்டைக் கேட்கிறான் என்று நினைத்த அந்த அம்மாள், அரிவாள்மணையோடு ரயில்வே கேட் வரை துரத்தினார்.

அப்போதுதான் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸ் காலியானது. பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வாடகைக்கு இடம் தேடி வந்து இறங்கினார்கள். திண்டிவனத்தில் அப்படி வந்த ஒரு வக்கீல் வீட்டு அம்மாவின் வைரத்தோட்டிலிருந்து ஒரு கல் காணாமல் போய்விட்டது. வலது காதுக்கல்.

அன்றைக்கென்று அண்ணன் ஏரி மீன் பார்க்கத் திண்டிவனம் சந்தைக்குப் போயிருந்தார். கடைக்கு எலுமிச்சம்பழம் வாங்க நானும் கூடப் போயிருந்தேன். சந்தையில் எல்லோரிடமும் காதுக்கல் கேட்டுக்கொண்டு திரிகிற ஆளைப் போலீஸ் சும்மா விடுமா? இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வாசற்படியிலேயே என் கையிலிருந்து பை நழுவி, எலுமிச்சம்பழமெல்லாம் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அடியில் உருண்டு ஓடின.

சப்-இன்ஸ்பெக்டர் கால்களைத் தூக்கிக்கொண்டே கேட்டார். “யோவ், உங்கிட்ட காதுக்கல் கீதா?”

“நெறைய கீதுங்க” என்றார் அண்ணன், சந்தோஷமாக. தானாக ஒருவர் விசாரிப்பது அதுதான் முதல் தடவை.

“ஜோடியா, ஒத்தையா?”

“எல்லாம் ஒத்தைங்க. வலது காது மட்டும்.”

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “இடது காது?”

“அது தண்ணிக்குள்ள போயிடுச்சுங்க.”

“யாருகிட்டேருந்துய்யா எடுத்த?”

“உசிரோட இருக்கறப்ப எடுக்க முடியாதுங்க. செத்தப்புறம் தலையைப் பொளந்துதான் எடுக்கணும்.”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனார். “ஐயா, எத்தினி பேருன்னு கேளுங்கய்யா...”

“பேரா? அதுங்களுக்கு ஏதுங்க பேரு?” என்றார் அண்ணன்.

“மீனுங்க! எல்லாம் மீனுங்க!” என்று நான் கத்தினேன். பயத்தில் சத்தம் வெளியே வரவில்லை. வந்தாலும் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

கான்ஸ்டபிள் டின்னைப் பிடுங்கித் திறந்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே, மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, இரண்டாகப் பிளந்து வைத்தது போல வெள்ளை வெள்ளையாய்க் கல். “வைரத்தை இதுக்குள்ள கலந்து வெச்சிருக்கான் ஐயா. எல்லாத்தையும் மேஜையில கொட்டித் தேடிடலாம்” என்று அடுத்த முடிச்சில் கை வைத்தார்.

அண்ணன் அதுவரை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “கொட்டாதீங்க! ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்!”

“கலந்தா இன்னாய்யா?”

அண்ணன் ஒரு கணம்தான் யோசித்தார். கையைக் கூப்பினார். “ஐயா, வைரத்தை நான்தான் எடுத்தேன். ஒத்துக்கறேன். ஆனா டின்னுல இல்ல. எங்க வெச்சேன்னு கோர்ட்டுலதான் சொல்லுவேன். டின்னு சாட்சிப் பொருளு. கொட்டினா கேஸு நிக்காது. அரக்கு வெச்சு சீல் பண்ணிடுங்க!”

நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அண்ணே, இன்னாண்ணே ஒளர்றீங்க? ஜெயில்ல போட்டுடுவாங்கண்ணே!”

“போடட்டும்டா. நான் எங்க இருந்தா இன்னா? அது கலையாம இருக்கணும்.”

கேஸ் நிற்காது என்ற வார்த்தை வேலை செய்தது. அவிழ்த்த முடிச்சை அண்ணன் தன் கையாலேயே கட்ட, டின்னுக்கு நாலு பக்கமும் அரக்கு வைத்து அலமாரியில் பூட்டினார்கள். அண்ணனை லாக்கப்பில் பூட்டினார்கள். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, அலமாரியைப் பார்த்து அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு இருக்கிறதே, அப்படி ஒரு பெருமூச்சை நான் இந்த ஜென்மத்தில் விட்டதில்லை.

என்னை வெளியே துரத்திவிட்டார்கள். நான் புளியமரத்தடியில் பழப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தூக்குத்தண்டனை வரைக்கும் கவலைப்பட்டு முடித்துவிட்டேன்.

சாயந்திரம் வக்கீல் வீட்டு வேலையாள் ஓடி வந்தான். கல் கிடைத்துவிட்டது! அந்த அம்மாள் குண்டுச் சத்தத்துக்குப் பயந்து காதில் பஞ்சு அடைத்திருக்கிறார். பஞ்சைப் பிடுங்கினபோது கல்லும் அதில் சிக்கிக்கொண்டு வந்து, பஞ்சோடு ஜன்னலில் கிடந்திருக்கிறது. குண்டு விழவில்லை, பழி மட்டும் எங்கள் ஊர்க்காரர் மேல் வந்து விழுந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துவிட்டார். “எடுக்காததை எடுத்தேன்னு ஏன்யா சொன்ன?”

அண்ணன் கடல், சூடு, காட் மீன், துருவம் எல்லாம் சொன்னார். நான் மீனு மீனு என்று பின்பாட்டுப் பாடினேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஆசை வந்துவிட்டது. “கல்லை வெச்சு வயசு சொல்லுவியா? என் வயசைச் சொல்லு பாப்பம்.”

“தலையைப் பொளந்தாத்தான் தெரியும்ங்க.”

“எடத்தைக் காலி பண்ணுய்யா!”

அண்ணன் நகரவில்லை. “ஐயா, சீலு நல்லா கீது. சண்டை முடியற வரைக்கும் டின்னு உள்ளயே இருக்கட்டுமே. வேணும்னா தொணைக்கு நானும் இருக்கேன்.”

“இது இன்னா சத்திரமா?” என்று கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பினார். அரக்கு உடையாத டின் கக்கத்தில் இருக்க, ரயிலில் விழுப்புரம் வரும் வரை அண்ணன் பாடிக்கொண்டே வந்தார்.

சண்டை முடிந்தது. துரையிடமிருந்து சேதி எதுவும் வரவில்லை. “அந்த ஆளு உசிரோட இருக்காரோ இல்லியோ, பேசாம இருங்கண்ணே” என்றேன்.

“அவர் இல்லேன்னா இன்னொருத்தர் இருப்பாரு. கடலு கீது இல்ல?” என்றார்.

ஒரு நாள் கிளம்பியே விட்டார். பிளாட்பாரத்தில், கப்பல் கவிழும், டின் தொலையும், சளி பிடிக்கும் என்று நான் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தெர்மாமீட்டரை என் கையில் வைத்தார்.

“அங்க வேற கெடைக்கும். உன் தொட்டியை நீ பாத்துக்கோ.”

போய்ச் சேர்ந்தாரா, டின்னை யார் வாங்கினார்கள், எனக்குத் தெரியாது. கடை கைமாறிவிட்டது. வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இன்றைக்கும் காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டரை நூலில் கட்டி அதில் இறக்குகிறேன். அரை டிகிரி ஏறியிருந்தால் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொன்னால் பதறுகிறதற்கு எனக்கு இருந்தது ஒரே ஒருத்தர்தான்.