அக்காவின் மண்தின்னி மேல் நான் போட்ட பொய்வழக்கு

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு, உடன்பிறந்த ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் ஆறு மீன்களும் சுகம். அங்கே உன் முழங்கால் சுகமா? என் மேல் உனக்குள்ள கோபம் சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. "நான் வர்றது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு"ன்னு நீ போனை வைத்த வேகத்திலேயே அதன் ஆரோக்கியம் தெரிந்தது.

மீன் வாங்கியிருக்கேன்னு நான் உளறினதிலிருந்து மூன்று தடவை வர்றேன்னாய். மூன்று தடவையும் தட்டிக்கழித்தேன். முதலில் வெள்ளையடிக்கிறோம் என்றேன், அப்புறம் எனக்குக் காய்ச்சல், அப்புறம் மறுபடியும் வெள்ளையடிக்கிறோம். பிடிக்காமல் இல்லை அக்கா, பயம். ஏன் பயம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குத் தைரியம் போய்விடும்.

ஓய்வு பெற்ற நாலாம் நாளே நான் வீட்டு டம்ளரில் எல்லாம் யார் கைரேகை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேனாம். "எதையாவது வாங்கி வளர்த்துத் தொலைங்க"ன்னு இவள்தான் விரட்டினாள். மீன் கடையில் ஒரு தொட்டியில் ஆறு மீன், வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, செவுள் வழியாகப் புஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தன. அப்படியே நின்றுவிட்டேன். நம்ம பழைய ரூம்தான் கண்ணில் வந்தது அக்கா! உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் தொட்டி, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் மடித்து வைத்த என் கணக்குப் பரீட்சை பேப்பர், உன் ரெண்டு மண்தின்னிகள். மணலை நீ ஏழு தண்ணி அலசுவாய். "கூழாங்கல் போட்டா அதுங்க வாய் கிழியும்டா"ன்னு என்னைச் சல்லடையோடு உட்கார வைப்பாய். காலேஜ் கிளம்பும்போது அதுகளுக்கு டாட்டா சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொல்வாய். எனக்குப் பொறாமையாக இருக்கும். இப்போ அந்த டாட்டாவுக்கு எவ்வளவு ஏங்குகிறேன் தெரியுமா?

ஆறையும் வாங்கினேன். என்ன இனம் என்றதற்குக் கடைக்காரர், "தென் அமெரிக்கா சார், மண்தின்னி," என்றார்; அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அதில் எத்தனையோ இனம் இருக்காம். நான் விடுவேனா? முப்பத்திரண்டு வருஷம் கைரேகைப் பிரிவில் அரைக் கட்டைவிரலை வைத்து ஆளைப் பிடித்தவன். ஒவ்வொரு மீனையும் இடது பக்கம், வலது பக்கம் போட்டோ எடுத்து, விலாவில் இருந்த கரும்புள்ளியை அளந்து, ஆளுக்கொரு ஃபைல் போட்டேன். மறுநாள் பார்த்தால் புள்ளியைக் காணோம்! பயந்தால் ஒரு நிறம், கோபம் வந்தால் ஒரு கோடு, சாப்பாட்டைப் பார்த்தால் புள்ளி பளிச். மனசுக்குத் தகுந்த மாதிரி ரேகையை மாற்றுகிற குற்றவாளியை நான் சர்வீஸில் பார்த்ததே இல்லை. மூன்று வாரம் கழித்து இவள்தான், காய் நறுக்கிக்கொண்டே, "ஏங்க, இதுக்கு உச்சந்தலையில செதிலே இல்லையே, உங்களை மாதிரி," என்றாள். மீன் புத்தகத்தைப் புரட்டினால் அதேதான் அடையாளம். முதுகுத் துடுப்புக்கு முன்னால் வழுக்கை விழுந்த வகை. குளிர்காலத்தில் கொஞ்ச நாள் குளிர்ந்த தண்ணீரில் இருந்தால்தான் நன்றாக முட்டை போடுமாம். தொட்டியில் இருந்த ஹீட்டரைக் கழற்றினேன். வந்தது வினை.

போன மாசம் தட்டைக்கல் மேல் முட்டை. மறுநாள் பார்க்கிறேன், பெத்தவளே ஒவ்வொன்றாக வாயில் எடுத்துக்கொள்கிறாள். அவளைப் பிடித்து வெளியே போட வலையைத் தூக்கிவிட்டேன். இவள் கையைப் பிடித்தாள்: "படிச்சுட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க." படித்தேன். ரெண்டு வாரம் அந்த மீன் கன்னம் உப்பிக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் மூலையிலேயே நின்றது. ஒரு காலையில் வாயைத் திறந்தது. நாற்பது ஐம்பது குஞ்சு வெளியே வந்தன. நான் கிட்டே போனதும் அத்தனையும் திரும்ப வாய்க்குள். அது தின்னலை அக்கா. காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு.

இப்போ சொல்றேன். நீ பரீட்சைக்கு வெளியூர் போன அந்த வாரம் உன் பெண் மீன் சாகலை. குஞ்சுகளை அது வாயில வாரிப் போட்டுக்கிட்டதை நான் பார்த்தேன். பெத்த பிள்ளையைத் தின்னுற பேய்னு நானே முடிவுகட்டி, வாளியில போட்டு கடையில திருப்பிக் கொடுத்துட்டேன். பிள்ளைங்க பக்கமே எட்டிப் பார்க்காத அப்பன்காரனை நல்லவன்னு விட்டுட்டேன். நீ வந்ததும் செத்துப்போச்சு, தோட்டத்துல புதைச்சுட்டேன்னு சொன்னேன். மண்ணைக் குவிச்சு பூ வேற வெச்சேன். நீ ரெண்டு நாள் சாப்பிடலை. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், உன் கல்யாணம் வரைக்கும், உன் துணிக்கெல்லாம் நான் இஸ்திரி போட்டதை நீ பாசம்னு நினைச்சிருப்பே. பாசம்தான், ஆனா பாதி பயம். ஒரு நிரபராதியைக்கூட நான் மாட்டிவிட்டதில்லைன்னு ரிட்டையர்மென்ட் பார்ட்டியில மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க. என் முதல் கேஸே தப்பு. இந்தத் தொட்டி முன்னால நீ வந்து நின்னா ஒரே நிமிஷத்துல எல்லாம் புரிஞ்சுடும். அதுக்குத்தான் ரெண்டு தடவை வெள்ளையடிச்சேன்.

மன்னிச்சா வா. மன்னிக்கலைன்னா வந்து திட்டு. குஞ்சுகளில் பாதி உனக்குத்தான். மணலை ஏழு தண்ணி அலசிவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, உன் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத தம்பி

பி.கு.: கவரை ஒட்டுமுன் இவள் வாங்கிப் படித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கே அண்ணி என்கிட்ட சொல்லிட்டாங்களே" என்கிறாள்! பரீட்சை முடிந்து வந்த மறுவாரமே நீ கடையில் உன் மீனைப் பார்த்து, கிழிந்த வாலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டாயாம். "உங்க தம்பி அழுதுக்கிட்டே குடுத்துட்டுப் போனான்"னு கடைக்காரர் சொன்னாராம். அதை வாங்கிச் சினேகிதி வீட்டுத் தொட்டியில் விட்டுவிட்டு, தம்பிக்கு அவமானமா இருக்கும்னு இத்தனை வருஷமும் நீ என்னிடம் வாயே திறக்கவில்லையாம். இவளைத் தனியாக விசாரித்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, எல்லாம் தெரிஞ்சேதான் ரெண்டு வருஷம் இஸ்திரி போட வெச்சியா? ஒரு மடிப்பு தப்பினாலும் திருப்பி அனுப்புவியே! உடனே கிளம்பி வா. துணியெல்லாம் கசங்கினபடியே எடுத்துட்டு வா, நான் போட்டுத் தர்றேன்.